எவ்வளவு பலம் போதும்? ஸ்காட்லாந்து எறிகளத்தின் தீராத வழக்கு

மாதாமாதம் வீட்டுக்கு வரும் அரிசிச் சிப்பம் 25 கிலோ. ஏறக்குறைய அதே எடையில் ஓர் இரும்புக் கட்டி, அதன் தலையில் ஒரு வளையம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டு விளையாட்டு விழாக்களில் இதை ஒற்றைக் கையால் உயரே எறிகிறார்கள். கில்ட் கட்டிய வீரர் குறுக்குக் கம்பிக்கு முதுகைக் காட்டிக் கால்களை அகட்டி நிற்பார். கட்டியைத் தொடைகளுக்கு நடுவே ஒருமுறை ஊசலாட விடுவார். மறுமுறை அது பின்னால் போய்த் திரும்பும்போது குதிகால், தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் ஒரே இழுப்பில் நிமிரும். கட்டி அவர் முகத்துக்கு முன்னால் ஏறி, தலைக்குப் பின்னால் வளைந்து, 16 அடி உயரத்தில் கிடக்கும் கம்பியைத் தாண்டிப் புல்லில் பொத்தென்று விழும். முழங்கால் மட்டத்திலிருந்து அந்த உயரத்துக்கு 56 பவுண்டு எடையுள்ள அந்தக் கட்டியைக் கொண்டுபோக ஏறக்குறைய 1,100 ஜூல் வேலை செய்தாக வேண்டும். அதை உடல் செய்து முடிக்கும் கடைசி இழுப்பு ஒரு நொடிகூட நீடிப்பதில்லை.

இதற்குப் பலம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்தப் பலம், எவ்வளவு, அதை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் தலைமுறை தலைமுறையாக வழக்கு நடக்கிறது. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்பெல் தரும் பலம் ஓர் எல்லை வரை எறிதலை வளர்க்கும். எல்லை தாண்டினால் எறிபவரின் நேரத்தையும் முதுகையும் தின்றுவிடும். அந்த எல்லை எறியும் பொருளுக்குப் பொருள் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைத்ததுதான் இந்தத் துறையில் நடந்த பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

எறிகளம் என்பது ஒரே போட்டி கிடையாது. காலையில் கல், பிறகு எடைக்கல், சம்மட்டி, கடைசியில் மரம் என்று நாளெல்லாம் நீளும். கல் எறிவது நாம் பள்ளியில் பார்த்த குண்டு எறிதலுக்கு மூத்தது. 16 முதல் 22 பவுண்டு வரையிலான கல்லைக் கழுத்தோடு அணைத்து, நகர்ந்து வந்து தள்ளுவது ஒரு வகை. அதைவிடக் கனமான கல்லை நின்ற இடத்திலேயே நின்று தள்ளுவது பிரேமார் வகை. பிரேமார் ஊர் விழாவின் கல் 28 பவுண்டு. எடைக்கல்லை உயரத்துக்கு எறிவதோடு, 28, 56 பவுண்டுகளில் தூரத்துக்கும் எறிவார்கள். அதற்கு 9 அடி நீளமுள்ள இடத்துக்குள் சுழன்று வந்து ஒற்றைக் கையால் விடவேண்டும். சம்மட்டி 16 பவுண்டும் 22 பவுண்டும். ஒலிம்பிக்கில் சங்கிலிக் குண்டைக் கம்பியில் கட்டிச் சுழல்வதுபோல இங்கே சுழல முடியாது. நான்கடிக்குச் சற்றே நீண்ட விறைப்பான பிடி, ஊன்றிய கால், அவ்வளவுதான். கதிர்க்கட்டைக் கவைக்கோலால் கம்பிக்கு மேல் வீசுவதும் சில விழாக்களில் உண்டு.

28, 56 என்ற எண்கள் சந்தைக் கணக்கு. பழைய பிரிட்டிஷ் நிறுவையில் ஒரு ஹண்ட்ரட்வெயிட் என்பது 112 பவுண்டு. அதில் பாதி 56, கால் 28. தராசுத் தட்டில் கிடந்த படிக்கற்கள்தாம் களத்துக்கு வந்தன. 1904 செயின்ட் லூயிஸ், 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குகளில் 56 பவுண்டு எறிதல் ஒரு போட்டியாகவே இருந்தது. 1920இல் அதை வென்ற பேட் மெக்டொனால்டு நியூயார்க் நகரப் போலீஸ்காரர். அப்போது அவருக்கு வயது 42. இந்த வயதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பொருட்கள் வேலைத்தலத்திலிருந்து வந்ததுபோல, அவற்றை எறிந்த முதல் தலைமுறையின் பலமும் வேலைத்தலத்திலிருந்துதான் வந்தது. 1837இல் அபர்டீன்ஷயரில் பிறந்த டொனால்டு டின்னி கல்தச்சர். அவருடைய அப்பாவும் கல்தச்சர். பொடார்க் பாலத்தடியில் இரும்பு வளையம் பதித்த இரண்டு கருங்கற்கள் கிடந்தன. இரண்டும் சேர்ந்து 733 பவுண்டு, அதாவது 332 கிலோவுக்கு மேல். கைக்கொன்றாக அவற்றைத் தூக்கிக்கொண்டு 1860இல் பாலத்தின் குறுக்கே நடந்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இன்றும் அவற்றுக்கு டின்னி கற்கள் என்றுதான் பெயர். ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினால்தான் பையன் ஆளாகிவிட்டான் என்று ஏற்கும் வழக்கமும் அந்த மலைநாட்டில் இருந்தது. நம் ஊர்களின் இளவட்டக்கல்லை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டிய தேவை இல்லை.

வேலையே பயிற்சி என்ற அந்தக் காலத்து நம்பிக்கையை அறியாமை என்று நான் தள்ளமாட்டேன். கல் சுமந்தவனுக்கும் வைக்கோல் ஏற்றியவனுக்கும் முதுகும் பிடியும் இயல்பாகவே உறுதிப்பட்டன. நாள் முழுக்க உழைத்த உடம்பு, நாள் முழுக்க நீளும் போட்டியைத் தாங்கியது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. கல்தச்சன் தூக்கும் கல் வாரத்துக்கு வாரம் கனம் கூடாது. உடல் ஒரு பாரத்துக்குப் பழகிவிட்டால் அதற்கு மேல் வளர அதற்குக் காரணம் கிடையாது. பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பதுதான் பார்பெல் கொண்டுவந்த புதுமை. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. கூடும் எண்ணைப் பார்க்கும் இன்பத்தில், எதற்காகக் கூட்டுகிறோம் என்பது மறந்துபோகும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் களத்துக்கு வந்தவர்கள் பல வழிகளில் வந்தார்கள். அபர்டீன் பக்கத்துப் பண்ணையில் பிறந்த பில் ஆண்டர்சன் 16 முறை ஸ்காட்லாந்து சாம்பியன். மண்ணில் வளர்ந்த பலத்தின் உச்சம் அவர். ஆங்கிலேயரான ஜெஃப் கேப்ஸ் குண்டு எறிதலிலிருந்து வந்தார். 1980இல் அவர் எறிந்த 21.68 மீட்டர் பிரிட்டனின் சாதனையாக நின்றது. 1983லும் 1985லும் உலகின் மிகப் பெரிய பலசாலி போட்டியை வென்றவர், மலைநாட்டு விளையாட்டிலும் பலமுறை உலகப் பட்டம் பெற்றார். அமெரிக்கரான பில் கேஸ்மேயர் பளுதூக்கும் அரங்கிலிருந்து வந்தவர். எடைக்கல்லை உயரே எறிவதில் பெயர் வாங்கினார். மூவரும் பலசாலிகள்தாம். ஆனால் ஒருவர் பலம் இன்னொருவர் பலம் ஆகாது. தூக்கிப் பழகியவருக்கு 56 பவுண்டு எடைக்கல் கைகொடுத்தது. எறிந்து பழகியவருக்கு எல்லாமே கைகொடுத்தன.

இது ஏன் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு உதவும். எறிந்த பொருள் போகும் தூரம், அது கையை விட்டுப் புறப்படும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கும். இயக்க ஆற்றலும் அதே வர்க்கத்தைச் சார்ந்தது. ஆகவே எடையைத் தூரத்தால் பெருக்கினால், எறிபவர் அந்தப் பொருளுக்குள் செலுத்திய ஆற்றலின் தோராயமான அளவு கிடைக்கும். ஒரு நல்ல வீரர் 28 பவுண்டு எடைக்கல்லை 80 அடியும் 56 பவுண்டு எடைக்கல்லை 40 அடியும் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் பெருக்குத்தொகை 2,240. எடை இரண்டு மடங்கானபோது தூரம் சரிபாதியானது, ஆற்றல் மாறவில்லை. அதே தரத்தில் உள்ளவர் 16 பவுண்டு சம்மட்டியை 140 அடியும் 22 பவுண்டு சம்மட்டியை 115 அடியும் எறிந்தால், முதலாவது 2,240, இரண்டாவது 2,530. இலகுவான சம்மட்டிக்குள் அவரால் குறைவான ஆற்றலைத்தான் செலுத்த முடிகிறது. அங்கே தடையாக நிற்பது வேகம். பலம் மிச்சமாக உள்ளே கிடக்கிறது, அதை வெளியே கொடுக்க நேரம் இல்லை.

தசையின் இந்தக் குணத்தை 1938இல் ஏ.வி.ஹில் தவளைத் தசையை வைத்து அளந்து சமன்பாடாக எழுதினார். வேகமாகச் சுருங்கச் சுருங்க, தசை தரக்கூடிய விசை குறையும். இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஒரு தசை தன் முழு விசையை எட்ட நொடியில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேலும் ஆகும். குண்டையோ கல்லையோ கடைசியாகத் தள்ளும் கட்டம் நொடியில் கால் பங்குக்குள் முடிந்துவிடுகிறது. 300 கிலோவைத் தோளில் வைத்துக் குந்தி எழும் ஸ்குவாட் போடுபவர் அந்த முந்நூறையும் அங்கே பயன்படுத்தவே முடியாது. கிடைக்கும் கால் நொடிக்குள் எவ்வளவு விசையை எழுப்ப முடிகிறது என்பதுதான் அவருடைய உண்மையான பலம்.

அதனால் என் கணக்கு ஒரு சோதனையாகவும் பயன்படும். 28இன் பெருக்குத்தொகையைவிட 56இன் தொகை வெகுவாகக் குறைந்தால் அந்த வீரருக்கு இன்னும் பார்பெல் வேண்டும். கூடினால் அவர் ஜிம்மை விட்டுப் புல்வெளிக்குப் போகவேண்டும்.

இந்தக் கேள்வியை மிகக் கறாராக ஆராய்ந்தவர்கள் சோவியத் நாட்டுச் சங்கிலிக்குண்டுப் பயிற்சியாளர்கள். அனத்தோலி பொந்தார்ச்சுக் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அவரிடம் பயின்ற யூரி செதிக் 1986இல் எறிந்த 86.74 மீட்டர் இன்றுவரை உலக சாதனை. பயிற்சிகளை பொந்தார்ச்சுக் போட்டிக்கு எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து அடுக்கினார். போட்டி எறிதல், அதையும் சற்றே கனமாகவும் சற்றே இலகுவாகவும் உள்ள குண்டுகளோடு எறிதல் ஒரு முனை. எறிதலின் ஒரு பகுதியை மட்டும் ஒத்திருக்கும் பயிற்சிகள் நடுவில். பொதுவான பலம் தரும் பயிற்சிகள் மறுமுனை. அவர் கண்டது இது: தொடக்க நிலையில் ஸ்குவாட் எடை ஏறினால் தூரமும் கூடவே ஏறும், ஆட்டக்காரர் வளர வளர அந்த உறவு தளர்ந்துகொண்டே போகும். உச்சியில் இருப்பவருக்கு எறிதலை வளர்ப்பது பெரும்பாலும் எறிதல்தான்.

இதை அப்படியே ஸ்காட்லாந்துக் களத்துக்கு எடுத்துவரலாமா? முழுதாக முடியாது. சங்கிலிக்குண்டு வீரருக்கு ஒரே பொருள், ஒரே எடை, வாழ்நாளெல்லாம் அதே அசைவு. இங்கே ஒருவர் ஒரே நாளில் 16 பவுண்டிலிருந்து 130 பவுண்டுக்கும் மேல் போகிறார். ஏழெட்டுப் போட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு. எல்லாவற்றையும் எறிந்தே வளர்க்க வாரத்தில் நாட்கள் போதாது. பொதுவான பலத்துக்கு இங்கே கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்தே ஆகவேண்டும். தானும் வட்டு எறிந்து, மலைநாட்டு விளையாட்டிலும் பங்கெடுத்து, எறிபவர்களுக்காக நிறைய எழுதிய அமெரிக்கப் பயிற்சியாளர் டான் ஜான் இந்த இடத்தில் நல்ல வழிகாட்டி. குறைந்த பயிற்சிகளைத் தேர்ந்து, களைத்து விழும்வரை போகாமல், அடிக்கடி செய்யச் சொல்வார் அவர். எறிவதற்கான தெம்பை மிச்சம் வைப்பதுதான் அதன் நோக்கம்.

எந்தப் பயிற்சிகள்? ஸ்குவாட்டையும், பாரத்தைத் தரையிலிருந்து இடுப்பு மட்டத்துக்குத் தூக்கும் டெட்லிஃப்ட்டையும் யாரும் விடுவதில்லை. கால், இடுப்பு, முதுகு என்ற தொடர் இல்லாமல் இங்கே எதுவும் நகராது. இவற்றுக்கு மேலே, பாரத்தை ஒரே இழுப்பில் தோளுக்கு ஏற்றும் பவர் கிளீனும் தலைக்கு மேலே ஏற்றும் ஸ்நாட்ச்சும் வருகின்றன. பாரம் மெதுவாக ஏறினால் இவை முடியவே முடியாது என்பதால் இயல்பாகவே வேகத்தைக் கேட்கின்றன. எடைக்கல்லை உயரே எறியும் இழுப்பையும் ஸ்நாட்ச்சின் இழுப்பையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் உறவைக் கண்டுகொள்வார்கள். கெட்டில்பெல்லை ஒற்றைக் கையால் ஊசலாட்டுவது இன்னும் நெருங்கிய உறவு. தலைக்கு மேலே தள்ளும் பயிற்சிகளில் புஷ் பிரஸ்ஸை நான் முன்னே வைப்பேன், ஏனென்றால் காலில் பிறந்த விசை கைக்கு ஏறும் வழியை அது பழக்குகிறது. பெஞ்ச் பிரஸ் பிரேமார் கல்லுக்கு உதவும். ஆனால் படுத்துக்கொண்டு சேர்த்த பலம் நின்றுகொண்டு எறியும்போது பாதிதான் வந்து சேர்கிறது. மார்பை மட்டும் வளர்த்துக்கொண்டவருக்குச் சம்மட்டி சுழற்றத் தேவையான தோள் அசைவு இறுகிப்போவதும் உண்டு.

இத்தனைக்கும் நடுவே பலரும் மறப்பது கை. சம்மட்டியை அருகில் நின்று பார்த்தால் இது புரியும். எறிபவர் தூரத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அவருடைய பூட்ஸின் முனையிலிருந்து நீண்ட இரும்புத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மண்ணில் மிதித்து இறக்குகிறார், ஏனென்றால் சம்மட்டி கையை விடும்வரை கால் நகரக்கூடாது. உள்ளங்கையில் பிசின் தடவுகிறார். தலையைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு சுற்றிலும் இடுப்பு சம்மட்டிக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து அதை எதிர்த்து இழுக்கிறது. 140 அடி போகவேண்டுமானால் சம்மட்டியின் தலை நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகத்தில் கையை விடவேண்டும். கையும் பிடியும் சேர்ந்த ஆரம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏழே கால் கிலோ இரும்பு அந்த வேகத்தில் அந்த வட்டத்தில் சுற்றும்போது வெளிநோக்கி இழுக்கும் விசை, தோராயமாக 150 கிலோ பாரம் தொங்குவதற்குச் சமம். வழவழப்பான பிடியில், விரல்களின் முனையில், அந்த நொடியில் அது தொங்குகிறது. பிடி தளர்ந்துவிடும் என்று கை அஞ்சினால் மூளை இடுப்பையே மெதுவாக்கிவிடும். தடித்த கம்பியில் டெட்லிஃப்ட், இரு கையிலும் பாரம் சுமந்து நடப்பது, துண்டைப் பிடித்துத் தொங்குவது என்று கைக்கான பயிற்சியை வாரத்தின் கடைசியில் ஒட்டுப்போடாமல் முதலில் வைக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

காலம் பார்த்துப் பிரிப்பது அடுத்த சிக்கல். ஸ்காட்லாந்தில் விழாக்கள் மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை வார இறுதிதோறும் ஓர் ஊரில் நடக்கும். விக்டோரியா அரசி 1848இல் முதல்முறை வந்து பார்த்த பிரேமார் விழா செப்டம்பரின் முதல் சனிக்கிழமை. கோடையில் சனிக்கிழமைதோறும் எறிபவருக்கு அந்தச் சனிக்கிழமையே வாரத்தின் கடினமான பயிற்சி. செவ்வாய்க்கிழமை குறைந்த தடவைகளில் கனமான ஸ்குவாட், வியாழக்கிழமை இலகுவான வேகத் தூக்கல், இவ்வளவுதான் உடம்பு தாங்கும். பலம் சேர்க்கும் பருவம் குளிர்காலம். அக்டோபரிலிருந்து தை, மாசி வரை பாரத்தைக் கூட்டலாம். வசந்தத்தில் பாரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டவேண்டும். குளிர்காலத்தில் எறிவதையே நிறுத்திவிடுபவர்கள் பெரும் நஷ்டப்படுகிறார்கள். புதிதாக வந்த பத்து கிலோ பலம் பழைய எறிதலுக்குள் எப்படி உட்காரும் என்று உடம்புக்குத் தெரியாமல், மே மாதத்தில் தாளம் தப்பி நிற்பார்கள். வாரம் ஒருநாள், மழையிலும், பத்துப் பதினைந்து எறிதல் போதும்.

காயத்தையும் கணக்கில் வைக்கவேண்டும். சுழன்று எறிவதெல்லாம் ஒரே பக்கம் சுழல்வது. ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் சுழன்ற முதுகு வளையும், இறுகும், ஒருநாள் பிடித்துக்கொள்ளும். மறுபக்கமும் சுழற்றிப் பழகுவது தூரத்தைக் கூட்டாது. ஆட்டக்காரரைக் களத்தில் வைத்திருக்கும். தொடையின் பின்தசையும் கீழ்முதுகும் அதிகம் அடிபடும் இடங்கள். இரண்டையும் சீராக வலுப்படுத்த டெட்லிஃப்ட்டின் மெதுவான வகைகளைவிட நல்லது எனக்குத் தெரிந்து வேறில்லை.

பெண்களுக்கு 14, 28 பவுண்டு எடைக்கற்கள், 12, 16 பவுண்டு சம்மட்டிகள். மேலே சொன்னதில் எதுவும் அவர்களுக்கு மாறாது. ஒன்றைத்தான் சேர்க்கவேண்டும்: பார்பெல்லைத் தொடாமலே களத்துக்கு வரும் பெண்ணுக்குப் பலம் கூடினால் தூரம் உடனே கூடும், ஆகவே முதல் இரண்டு குளிர்காலத்தைத் தயங்காமல் பலத்துக்கே கொடுக்கலாம். மூத்தோர் பிரிவில் கதை வேறு. அங்கே 42 பவுண்டு எடைக்கல்லும் இருக்கிறது. வயதாக ஆகத் தசையில் முதலில் தேய்வது வேகம், மெதுவாகத் தேய்வது பலம். 42 வயதில் மெக்டொனால்டு வென்றது அந்தக் கனமான எடைக்கல்லில் என்பதை இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். ஐம்பதைத் தாண்டியவர் கனமாகத் தூக்கிக்கொண்டே இருந்து, விட்டுப்போகும் வேகத்தைக் குதிப்பாலும் இலகுவான எறிதலாலும் பிடித்துவைக்க முயலவேண்டும்.

கடைசியாகக் கேபர். மெலிந்த முனை கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்திய மரம். பிரேமாரின் கேபர் 19 அடி 9 அங்குலம், 132 பவுண்டு. 60 கிலோவைத் தூக்குவது இந்த வீரர்களுக்கு விளையாட்டு. ஆனால் அந்த 60 கிலோ தலைக்கு மேலே மூன்று ஆள் உயரத்துக்கு நின்று ஆடுகிறது. வீரர் குந்தி, தோளில் மரத்தைச் சாய்த்து, விரல்களைப் பின்னி முனைக்கு அடியில் கொடுத்து எழுகிறார். மரம் சாயும் பக்கமெல்லாம் கால் ஓடுகிறது. ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தி, கைகளை மேலே இழுக்கிறார். கனத்த முனை தரையில் குத்தி, மரம் நிமிர்ந்து மறுபக்கம் விழவேண்டும். அதுவும் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி முள்போல அவருக்கு நேரே. தூரத்துக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. ஸ்குவாட்டும் கிளீனும் எழுவதற்கும் இழுப்பதற்கும் பலம் கொடுக்கும். நடுவில் இருக்கும் அந்தச் சில அடி ஓட்டத்துக்கு எந்த ஜிம்மிலும் பயிற்சி கிடையாது. தூக்கி நின்று, நடந்து, கீழே வைத்து, மறுபடி தூக்கி என்று மரத்தோடேதான் பழகவேண்டும். களத்துக்கு வந்த எல்லோரும் முயன்றும் யாராலும் புரட்ட முடியாத மரத்தின் முனையில் கொஞ்சம் அறுத்துவிட்டு மீண்டும் எறியச் சொல்வது பழைய வழக்கம். ஒருவர் புரட்டிவிட்ட மரத்தை அதன்பின் அறுப்பதில்லை.